எல்லா மதகும் என் பெயர் சொன்ன காலை

...ஒரு மதகாவது தன் பெயரைச் சொல்லக்கூடாதா, திரையில் வரி வரியாகக் குழந்தைராஜ், குழந்தைராஜ், குழந்தைராஜ், இது என் பெயர், என் மடிக்கணினிக்கும் நான் வைத்த பெயர், கீழ்வேளூர் மதகு எங்கே, திருவாரூர் மதகு எங்கே... மதகுக்கு ஒரு சின்னக் கணினி, ஓர் ஒலிபெருக்கி, தண்ணீர் திறந்தால் கரையேறச் சொல்லி என் மனைவி இருதயம்மாள் குரல் கொடுப்பாள், ஒவ்வொரு மதகிலும் நின்று தனித்தனியாகப் பேசிப் பதிந்தது, அந்த அதட்டலுக்கு மாடு ஏறும், ஆடு ஏறும், ஒரு தடவை விரால் மீன் ஏறி வரப்பில் நின்றது, நானே பார்த்தேன், கல்லறைக்குப் போன பிறகும் போன குறுவை முழுக்க அவள்தான் அதட்டினாள்... பாசன சங்கத்து ஷீபா காலையிலேயே போன் செய்துவிட்டாள். "அங்கிள், மேட்டூர் தொறந்துட்டாங்க, புதுக்குரல் ஏத்திட்டீங்களா? செத்தவங்க கூப்பிடுறாங்கன்னு காளியம்மாள் அக்கா நடவுக்கே வரமாட்டேங்குறாங்க." "ஏத்துறேம்மா, இருதயம் சம்மதிக்கணும்ல." "அங்கிள்!"

பழைய குரலை அழிப்பதற்கு முன்னால் அவளை வீட்டுக்குக் கூட்டிவரலாமே என்றுதான்... மதகு மதகாக ஓடும் ஒரே கட்டளை, பழைய குரலை உன் பெயரிட்டு எனக்கு அனுப்பு, அனுப்பியதும் அங்கே அழி, அவ்வளவுதான், அதை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்திருந்தால் அரக்கு வைத்த உறைபோல அப்படியே போய் அங்கே பிரிந்திருக்கும், கை பழக்கத்தில் இரட்டை மேற்கோள் போட்டேன், அது ஒட்டாத உறை, உள்ளே இருந்த உன் பெயர் என்ன என்ற கேள்விக்கு இந்த மடிக்கணினியே வாசலைத் தாண்டும் முன் தன் பெயரை நிரப்பிவிட்டது, எல்லாக் குரலும் வந்தன, ஒழுங்காக வந்தன, ஒரே பெயரில், ஒன்றின் மேல் ஒன்று, அடுத்தது வந்து முந்தியதை அழித்து... கீழ்வேளூர்ப் பதிவில் நடுவில் இருமுவாள், இன்னொன்றில் ஹாரன் அடித்த பஸ்காரனைத் திட்டுவாள், இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை, கடைசி மதகின் ஒன்றுதான் மிச்சம், அதை ஓடவிடக் கை வரவில்லை... மதகுகள்மேல் என்ன தப்பு, அவற்றிடம் யார் கேட்டார்கள், கேள்வியும் இங்கே, பதிலும் இங்கே... இருதயம், வேளாங்கண்ணிக்குப் போவோமா, வேண்டாம், உனக்குக் கால் வலிக்கும், இப்படித்தானே ஒரே மூச்சில் சொல்வேன், அவள் முறத்தைப் பார்த்தபடி தலையை அசைப்பாள்... வலித்ததா அவளுக்கு, கால் வலிக்கிறது என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டிருக்கிறேனா...