பஞ்சோடு வந்த எண்கள்

சம்பந்தியின் பழைய கம்ப்யூட்டர் எங்கள் வீட்டிலிருந்து போன மூன்றாம் நாளே திரும்பி வந்தது. பின்னாலேயே அவருடைய ஃபோனும் வந்தது.

"என்ன சம்பந்தி, மெமரி நூத்தி இருபத்தெட்டுன்னீங்க. ஆன் பண்ணினா எண்பது வரைக்கும் எண்ணிட்டு முழிச்சுக்கிட்டு நிக்குது. உங்க வீட்டுல எண்ணிக்கையே அவ்வளவுதானா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த நாற்பது வருடப் பழசுக்கு மெமரியை இரட்டிப்பாக்கியவன் நான். இருக்கிற எட்டு சிப்புகளின் முதுகில் இன்னும் எட்டை ஏற்றி, காலோடு கால் ஈயம் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை மட்டும் தூக்கி அதற்குத் தனிக் கம்பி இழுத்தேன். நான் பற்றவைத்த கால் இதுவரை விட்டதில்லை.

"என் கையில குறை இல்லை. உங்க போர்டு உளுத்துப்போச்சு" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

சம்பந்தியின் மகள், எங்கள் மருமகள், கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே போய் நகப்பூச்சு அழிக்கும் பாட்டிலையும் பஞ்சையும் கொண்டுவந்து வைத்தாள்.

"மேல இருக்கிற சிப்பைத் துடைச்சுப் பாருங்க மாமா. சின்ன மாமா போன வாரம் மாடியில உப்புத்தாளோட உக்காந்திருந்தாங்க."

துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அச்சடித்த எண்கள் பஞ்சோடு வந்துவிட்டன. அடியில் உப்புத்தாள் தேய்த்த கீறல்கள். எட்டிலும் அப்படித்தான்.

அவள் சொன்ன சின்ன மாமாவை, சிப்பு வாங்கி வந்த என் தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஏன்டா தேய்ச்சே?"

"அந்த வேகத்துல ஓடுற சிப்பு கிடைக்கலண்ணே. மெதுவானதுதான் இருந்துச்சு. நீங்க பத்து பேர் முன்னாடி சம்பந்திக்கு வாக்குக் கொடுத்துட்டீங்க. தேய்ச்சு, கறுப்புப் பூசி, மேல இருக்கிற வேக எண்ணை மாத்தினேன். ஓடிடும்னு நினைச்சேன்."

"கிடைக்கலன்னு சொல்ல வாயில்லையா?"

"உங்ககிட்டயா? இந்த வீட்டுல முடியாதுன்னு சொல்லிட்டு எவன் உக்காந்து சாப்பிட்டிருக்கான்?"

கை ஓங்கிவிட்டேன். மருமகள் நின்றதால் இறக்கினேன்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றான். "போர்டு உளுத்துப்போச்சுன்னு நீங்களே சொல்லியாச்சு. அப்படியே விட்டுருங்க."

அவள் அப்பாவின் பொருளைப் பழித்துவிட்டு அவள் போடும் சோற்றைத் தின்பதா? அவள் எதிரிலேயே ஃபோனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"சம்பந்தி, உங்க போர்டுல குறை இல்லை. சிப்பு போலி. தேய்ச்சது என் தம்பி. பார்க்காம வச்சது நான். பார்க்காம உங்களைப் பழிச்சதும் நான்."

ஃபோனிலிருந்து சிரிப்பு வந்தது.

"பரவாயில்லை சம்பந்தி. எண்பது வரைக்குமாவது உண்மையா எண்ணுச்சே."

காது மடல் எரிந்தது. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள..." என்று ஆரம்பித்தேன். தம்பி தலையைத் தூக்கிப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சிப்பு கிடைச்சாத்தான் முடியும். இப்போதைக்கு முடியாது."

ஃபோனை வைத்துவிட்டு, ஈயம் பற்றவைக்கும் இரும்பைத் தம்பி முன்னால் தள்ளினேன்.

"எட்டையும் கழட்டுடா. கீழே இருக்கிற அவரோட சிப்புல ஒரு கீறல் விழுந்துச்சு, தொலைச்சுருவேன்."