மெழுகுக் கோட்டு

வள்ளி கெட்டிலில் கொதித்த தண்ணீரை எவர்சில்வர் குண்டாவில் ஊற்றி, மெழுகு டப்பாவை அதற்குள் இறக்கினாள். கராஜின் சிமெண்டுத் தரை செருப்பையும் மீறிக் குளிர்ந்தது. பெயிண்ட் டின் மேல் சாய்த்து வைத்திருந்த போனில் கணவர் மணியனின் தாடையும், அதற்கு மேலே ஹாலின் சீலிங் ஃபேனும் தெரிந்தன.

“ரொம்ப உருக்கிப் போடாத புள்ள. வெண்ணெயாட்ட இளகுனாப் போதும்,” என்றது தாடை.

“எனக்கே சமையல் சொல்லித் தர்றீங்களாக்கும்.”

“இது சமையல் இல்ல. வைத்தியம்.”

நடுவில் ஒரு சுவர்தான். அதற்கு அந்தப் பக்கம், சோபாவை ஒதுக்கிவிட்டுப் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். கணையத்தில் வந்த புற்றுநோய். டாக்டர்கள் கையை விரித்த பிறகு, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்து போகும் ஹாஸ்பிஸ் நர்ஸ் மட்டும்தான் மிச்சம். இதே மாநிலத்து எடிசன் ஊரில் வளர்ந்த குஜராத்திப் பெண், ரோஷினி. காலையில் அவர் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வள்ளியைச் சமையலறைக்குக் கூட்டிப் போய், இன்றோ நாளையோ என்றாள். மகள் வான்மதி டெக்சாசில், இர்விங்கில் இருந்தாள். செய்தி கேட்டதும் கிளம்பிவிட்டாள், சாயங்காலம் வந்துவிடுவாள்.

கட்டில் வந்த அன்று மணியன் வள்ளியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நான் போறப்பப் பக்கத்துல இரு. அது போதும்.” அன்றிலிருந்து அவள் நாற்காலியிலேயே தூங்கினாள். குளிக்கும்போதுகூட பாத்ரூம் கதவைச் சாத்தவில்லை. அப்படி இருந்தவளைத்தான் இன்று கராஜுக்குத் துரத்தியிருந்தார்.

“மதி வர்றா. இந்த வாரம் முச்சூடும் மழைன்னு போட்டிருக்கறான். அவ அந்த டெக்சாஸ் சட்டையோடதான் வந்து எறங்குவா. என்ற கோட்டை எடுத்து மெழுகு போட்டு வெச்சிரு. போட்டதுக்கப்பறம் ஒரு நாளாவது தொங்கோணும்.”

“இப்பவா? அவளுக்கு வேணும்னா கடையில ஒண்ணு வாங்கிக்கறாளுங்க.”

“வருசா வருசம் குளிர் வர்றதுக்கு முன்னால போடறது. இந்த வருசம் தவறிப் போச்சு. போ புள்ள.”

கட்டிலருகே வைத்து அதைச் செய்ய வழியில்லை. ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கே ஆகாது, காய்ந்த உதட்டுக்கு வாஸ்லின்கூடத் தடவக் கூடாது என்று ரோஷினி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வீடியோ கால் யோசனை மணியனுடையது. கட்டிலை விட்டு இறங்க முடியாத நிலையிலும் மேஸ்திரி வேலையை மனிதர் விடவில்லை.

அந்தக் கோட்டுக்கும் வள்ளிக்கும் ஏழாம் பொருத்தம். இந்தப் பார்சிப்பனிக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் பரப்பி விற்ற பழைய சாமான்களுக்குள் மணியன் அதைக் கண்டெடுத்தார். பாசி நிறம், கார்டுராய் காலர், தடித்த பருத்தித் துணி முழுக்க மெழுகு ஊறிய பிசுபிசுப்பு. காங்கேயத்தில் லாரி மேல் போர்த்தும் தார்ப்பாயை எவனோ சட்டையாகத் தைத்துவிட்டான் என்றாள் வள்ளி. அன்று முதல் அதற்குத் தார்ப்பாய் என்றே பெயர். வீட்டுக்குள் வரக் கூடாது, கராஜ் ஆணியோடு சரி. மழை வந்தால் ஊரெல்லாம் வீட்டுக்குள் ஓடும். மணியன் தார்ப்பாயை மாட்டிக்கொண்டு பார்சிப்பனி ஏரியைச் சுற்றி வரக் கிளம்பிவிடுவார்.

ஒருமுறை நண்பர் ஒருவரின் சாவுக்கு அதைப் போட்டுக்கொண்டு போய் வந்தார். சாவு வீட்டுக்குப் போட்டுப் போன துணியை நனைக்காமல் விடுவார்களா? அவர் குளித்து வருவதற்குள் வள்ளி அதையும் மற்ற துணிகளோடு மெஷினில் போட்டு, சுடுதண்ணீர், இரண்டு பங்கு சோப்பு என்று திருகிவிட்டாள். மெழுகெல்லாம் கழன்று, உரித்த கோழி மாதிரி வெளியே வந்தது கோட்டு. அவருடைய ஆபீஸ் சட்டைகள் மாதக்கணக்கில் லாரி செட்டு வாசனை அடித்தன. மணியன் கத்தவில்லை. “ஆடிக் கறக்கற மாட்ட ஆடிக் கறக்கோணும், பாடிக் கறக்கற மாட்டப் பாடிக் கறக்கோணும் புள்ள” என்று மட்டும் சொல்லிவிட்டு, கராஜில் உட்கார்ந்து முதலிலிருந்து மெழுகு ஏற்றினார்.

“சோப்புப் போட்டா தொடச்ச?” என்றார் இப்போது போனில். பழைய பயம் போகவில்லை.

“பச்சத் தண்ணிதானுங்க. தொடச்சுக் காய வெச்சாச்சு.”

“அப்ப மொதல்ல தையல். தண்ணி எப்பவும் தையல் வழியாத்தான் பூரும்.”

பழைய வேட்டியில் கிழித்த துணியை மெழுகில் தொட்டு, தோள்பட்டைத் தையலோடு அழுத்தித் தேய்த்தாள். வெளுத்திருந்த துணி தேய்க்கத் தேய்க்கக் கருத்து வந்தது. வலது முழங்கையில் ஒட்டுப் போட்ட இடத்துக்கு வந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. கம்பி வேலியில் மாட்டிக் கிழிந்ததை, பாவம் பார்த்து அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தைத்துக் கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதைப் பிரித்து, நூலுக்கும் மெழுகு தடவி மறுபடியும் தைத்தார். அதற்கு ஒரு வாரம் சண்டை நடந்தது.

“போனைக் கிட்டக் காட்டு,” என்றார். குரல் தேய்ந்திருந்தது. காட்டினாள். நெடுநேரம் பார்த்தார். “தையல் மேல இன்னும் கொஞ்சம்.”

“போட்டாச்சுங்க.”

“இன்னும் கொஞ்சம்.”

போட்டாள். பிறகு ஹேர் டிரையரைக் கையில் எடுத்தாள். மெழுகு திட்டுத் திட்டாக நிற்காமல் துணிக்குள் இறங்க அனல் காட்ட வேண்டும். “சத்தம் வருமுங்க,” என்றாள்.

“ம்.”

டிரையர் இரைச்சலில் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதனாலோ என்னவோ பேச்சு வந்தது. “இந்தத் தார்ப்பாய நான் எதுக்குத் திட்டறேன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?” என்றாள், போனைப் பார்க்காமல், மெழுகு மினுமினுத்து உள்ளே இறங்குவதையே பார்த்துக்கொண்டு. “நீங்க மழையில ஏரிக்குப் போனீங்கன்னா, வர்ற வரைக்கும் ஜன்னல்லயேதான் நிப்பேன். அடுப்புல கொழம்பு தீஞ்சாலும் நகர மாட்டேன். இந்தப் பச்ச நெறம் முக்குல திரும்பறது கண்ணுல பட்டாத்தான் எனக்கு மூச்சே வரும். அப்பறம் ஓடிப் போயி அடுப்புகிட்ட நின்னுக்குவேன். நீங்க உள்ள வந்ததும் நாறுதுன்னு கத்துவேன்.”

முதுகை முடித்து, வலது கைக்கு டிரையரைத் திருப்பினாள்.

“உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் கத்தறது. இனிமே எதைப் பாத்துட்டு நான் ஜன்னல்ல நிக்கறதுன்னு சொல்லிட்டுப் போங்க.”

டிரையரை நிறுத்தினாள். போனில் ஃபேன் இருந்தது, தாடை இருந்தது. “கேட்டுதுங்களா?” என்றாள். தாடை அசையவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். அவர் கேட்காமல் போனதில் வெட்கம் கொஞ்சம் தணிந்தது. வருத்தமாகவும் இருந்தது.

இடது கை ஒன்றுதான் பாக்கி. அதற்கு முன் ஒருமுறை காட்டிவிடலாம் என்று கோட்டைத் தோள் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே கொண்டு போகக் கூடாது என்பதால் ஹால் வாசலிலேயே நின்றாள்.

“ஏனுங்க, இங்க பாருங்க. புதுசாட்ட இருக்குது.”

ஆக்சிஜன் மெஷின் எப்போதும் போல உறுமிக்கொண்டிருந்தது.

“ஒரு தடவ முழிச்சுப் பாத்துட்டுத் தூங்குங்க.”

கை கடுக்கிற வரை தூக்கிப் பிடித்திருந்தாள். பிறகுதான் போர்வையைப் பார்த்தாள். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அவள் திரும்பிப் போய்க் கோட்டைக் கராஜ் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். ஏன் முதலில் அதைச் செய்தாள் என்று பிற்பாடு அவளுக்கே விளங்கவில்லை. மணியனின் நெற்றியில் இன்னும் கதகதப்பு இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து, பாலை எடுத்து, ஒரு ஸ்பூன் அவர் வாயில் விட்டாள். அது உதட்டோரமாக வழிந்து தலையணையில் இறங்கியது. இன்னொரு ஸ்பூன் விட்டாள். அதுவும் இறங்கவில்லை. அவள் அவர் மார்பில் தலையை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள்.

காங்கேயத்துக்குச் சொன்னபோது அங்கே ராத்திரி. மணியனின் அக்கா பழனாத்தாள் அழுது ஓய்ந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“பால் ஊத்துனியா அம்மிணி?”

“ஊத்துனனுங்க அக்கா.”

“உசுரு இருக்கறப்பவே எறங்குச்சா?”

வள்ளி தலையணையில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். “எறங்குச்சுங்க.”

“நீ புண்ணியவதி. கூடவே இருந்து அனுப்பி வெச்சிருக்கற.”

ரோஷினி வந்து, நாடி பார்த்து, மெஷினை நிறுத்தினாள். வீடு காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. விவரம் கேட்டுக்கொண்டவள், வள்ளியின் தோளைத் தடவி, இந்த வேலையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன் ஆன்ட்டி என்றாள். ரொம்பப் பிரியமானவர்கள் பக்கத்தில் இருந்தால் சிலரால் போக முடியாது. அவர்கள் அறையை விட்டு நகரும் வரை காத்திருப்பார்கள். அங்கிள்கூட அதற்காகத்தான் அனுப்பியிருக்கலாம் என்றாள்.

ஆறுதலுக்குச் சொன்னது வள்ளிக்குச் சுருக்கென்று கோபத்தைக் கிளப்பியது. பக்கத்தில் இரு என்று கேட்டவர், தார்ப்பாயைச் சாக்கு வைத்து விரட்டுவாரா? அப்படி என்றால் அது துரோகம். அப்படி இல்லை என்றால், டிரையர் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டிருந்தால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. சிங்க்கில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

வான்மதி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மெல்லிய சட்டையில் நடுங்கிக்கொண்டு வெறும் கட்டிலில் உட்கார்ந்தாள். “வாஸ் ஹி இன் பெயின், ம்மா?”

“இல்ல கண்ணு.”

“கடைசியா ஏதாவது சொன்னாங்களா?”

“தையல் மேல இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாரு.”

“வாட்?” என்று வான்மதி சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது.

ஃபியூனரல் ஹோமில் தேதி கிடைத்தது மூன்றாம் நாள். சொன்னபடி மழை கொட்டியது. ஏற்பாட்டையெல்லாம் மணியனின் ஆபீஸ் நண்பர், கோபிச்செட்டிபாளையத்துக் கிட்டுசாமி எடுத்துச் செய்தார். எல்லோரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு வள்ளி சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, வான்மதி கராஜிலிருந்து கோட்டோடு வந்தாள்.

“ம்மா, ஒரு ஸ்லீவ் மட்டும் ஏன் வெளுத்துக் கெடக்கு?”

மகளிடம் பொய் சொல்ல வள்ளிக்குத் தெம்பில்லை. “அந்தக் கைக்கு வர்றதுக்கு முன்னாலயே போயிட்டாரு. நான் பக்கத்துல இல்ல கண்ணு. கராஜ்ல டிரையரப் போட்டுட்டுப் பேசிட்டு நின்னேன். எப்பப் போனாருன்னுகூட எனக்குத் தெரியாது. அத்தைகிட்டப் பால் எறங்குச்சுன்னு சொன்னது பொய்யி.”

வான்மதி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்து, பட்டனைத் தட்டினாள்.

“டைம் ஆச்சு கண்ணு. அங்க எல்லாரும் காத்திருப்பாங்க.”

“லெட்ஸ் ஃபினிஷ் இட், ம்மா.”

வள்ளி பட்டுச்சேலைக்கு மேல் ஒரு டவலைச் சுற்றிக்கொண்டு இடது கைக்கு மெழுகு போட்டாள். முதலில் தையல், பிறகு மேல்பக்கம், பிறகு அடிப்பக்கம். வான்மதி டிரையரைப் பிடித்தாள். கிட்டுசாமி மூன்று முறை கூப்பிட்டும் போனை யாரும் எடுக்கவில்லை. அவசரத்தில் கையைச் செய்தித்தாளில் துடைத்துக்கொண்டு காரில் ஏறியபோது, வான்மதி காயாத கோட்டைப் போட்டிருந்தாள். சீட்டெல்லாம் பிசுக்கானது.

ஃபியூனரல் ஹோம் ஹாலில் கூட்டம் நிறைந்திருந்தது. மணியன் வேட்டி சட்டையில், முகத்தில் யாரோ தடவிய பவுடரோடு படுத்திருந்தார். யாருடைய போனிலிருந்தோ தேவாரம் பாடியது. கிட்டுசாமி அரிசித் தட்டை நீட்டினார்.

“வாய்க்கரிசி போடுங்க அம்மிணி. மூணு தடவ போட்டுட்டு நகந்துக்கலாம். பின்னால நெறையப் பேரு நிக்கறாங்க, இவங்க டைமுக்கு எடுத்துருவாங்க.”

வள்ளி ஒரு பிடி அள்ளி, அவர் உதட்டின் மேல் கையைத் திறந்தாள். ஒன்றிரண்டுதான் விழுந்தன. மற்றவை மெழுகுப் பிசுக்கில் விரல்களோடு ஒட்டிக்கொண்டு நின்றன. உதறினாள், விழவில்லை.

“தட்டி உடுங்க அம்மிணி.”

அவள் தட்டவில்லை. இன்னும் கிட்டப் போய்க் குனிந்து, விரலை அவர் உதட்டில் வைத்து ஓர் அரிசியை ஒற்றினாள். அடுத்ததை ஒற்றினாள். ஒரு விரல் முடிந்ததும் அடுத்த விரலுக்குப் போனாள். கிட்டுசாமி கடிகாரத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வான்மதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரிசை கதவு வரைக்கும் போய், வெளி நடையிலும் நின்றது. வள்ளிக்கு முதல் பிடியே இன்னும் முடியவில்லை.