பால்துரை சட்டையில் இருந்த வேப்பிலை

சுகாதார இன்ஸ்பெக்டர் பால்துரை, அவர் மனைவி அமிர்தவல்லி, ஆபீஸ் வண்டிக்காரர் சந்தனம், பலசரக்குக் கடை வேதசிரோமணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்துரை வீட்டு வாசலில் அன்று நின்றவர்கள் இவர்கள்தான். பால்துரையின் மகள் சுகிர்தம் வைசூரி கண்டு உள்ளே பாயில் கிடந்தாள்.

"பச்சப்பிள்ள அண்ணாச்சி. வீட்லயே வச்சுப் பாத்துக்கிடுதோம். கொட்டகைக்குப் போனா பொழைக்காது" என்று வேதசிரோமணியிடம் கெஞ்சினார் பால்துரை.

ஊருக்கு வெளியே நோயாளிகளைப் போடும் அந்த ஓலைக் கொட்டகையைப் பற்றி வேதசிரோமணிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. யுத்தம் தொடங்கின வருஷம் அவர் மனைவி தேவகிருபைக்கு வைசூரி கண்டது. தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் சளிக் காய்ச்சல் என்று சாதித்துத் தப்பிவிட்டார்கள். பால்துரை வந்து கேட்டபோது வேதசிரோமணி மட்டும், "ஆமா, வைசூரிதான்" என்றார். அந்தக் குடும்பத்தில் பொய் பேசிப் பழக்கமில்லை.

நடுப்பகலில், தெருவே வேடிக்கை பார்க்க, தேவகிருபையைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். விலகிய சேலையைச் சரிசெய்யக்கூட விடவில்லை. "நானும் கூட வாரேன்" என்று ஓடியவரைப் பால்துரை கைநீட்டித் தடுத்தார்.

"சட்டம் விடாது ஓய். வியாதி வந்துட்டா ஆள் சர்க்காருக்குச் சொந்தம்."

கொட்டகையில் தண்ணீர் கேட்டுக் கேட்டு அவள் செத்தாள். ராஜபாளையத்துக்குப் போயிருந்த பாதிரியார் திரும்புமுன் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்துவிட்டார்கள். ஜெபமில்லை, கோயில் மணியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முழங்காலிட்ட பால்துரையின் சட்டைப் பையிலிருந்து ஒரு வேப்பங்கொழுந்து விழுந்தது. வாசல் வாசலாக வேப்பிலையைப் பிடுங்கி எறிந்து, "அஞ்ஞானிகளா, மரமா ஒங்களுக்கு டாக்டர்?" என்று சிரித்த அதே பால்துரை! வேதசிரோமணி அதைக் குனிந்து எடுத்து வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் கேட்டார்:

"வீட்ல எல்லாரும் சுகந்தானா?"

"சுகம் அண்ணாச்சி. பிள்ளைக்குக் கொஞ்சம் சளிக் காய்ச்சல், அம்புட்டுத்தான்."

உண்மையைச் சொல்லியிருந்தாலும் வேதசிரோமணி விட்டிருக்க மாட்டார். பொய் சொன்னது அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

இப்போது வண்டி வாசலில் நின்றது. வேதசிரோமணி குரலை உயர்த்தவில்லை.

"வியாதி வந்துட்டா ஆள் சர்க்காருக்குச் சொந்தம். நீங்க படிச்சுக் குடுத்ததுதான் இன்ஸ்பெக்டர் ஐயா."

சந்தனம் பிள்ளையைத் தூக்கி வந்தார். அமிர்தவல்லி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். "நானும் ஏறிக்கிடுதேன். ஓரமா உக்காந்துக்கிடுதேன்."

"சட்டம் விடாதும்மா" என்றார் சந்தனம். "ஐயாகிட்டயே கேளுங்க. அன்னிக்கு அவியதான சொன்னாவ."

அமிர்தவல்லி வேதசிரோமணியின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்தனம் கண்டும் காணாமல் அவளை ஏற்றியிருப்பார். வேதசிரோமணி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, வண்டி தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

சுகிர்தம் வீடு திரும்பவில்லை.

வேதசிரோமணி மொட்டைக் கடுதாசி போட்டுப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். பட்டப்பகலில் சுகாதார ஆபீஸ் படியேறி, பால்துரையின் மேலதிகாரியிடம் தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் சொன்னார்.