சிறுசின் பச்சை முள்

எனக்கும் என் சித்தி மகளுக்கும் இரண்டே மாதம்தான் வித்தியாசம். அதை வைத்துக்கொண்டு வீட்டில் என்னைப் பெரிசு என்றும் அவளைச் சிறுசு என்றும் ஆக்கிவிட்டார்கள். அவளும் நாலு பேர் நடுவில் வேண்டுமென்றே அக்கா, அக்கா என்று கூப்பிட்டு எனக்குப் பத்து வயது ஏற்றிவிடுவாள். வேலைக்காக வீட்டை விட்டு வந்து இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். நான் பியூட்டி பார்லரில் முடி வெட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தாள். சம்பளத்திலும் சரி, சாமர்த்தியத்திலும் சரி, அவள் எனக்கு ஒரு படி கீழேதான் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது பார்லர் மேடம். கடையை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார்.

"உனக்கே தர்றேன். வெளியில கேக்குறவன் செல்போன் கடை வைக்கப் போறானாம். நாற்காலியெல்லாம் தூக்கி எறிஞ்சிடுவான். நீ பேங்க்ல ஒரு லோன் போட்டு எடுத்துக்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலோர நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வங்கி விஷயத்தில் பயமே இல்லை. நான் மளிகைக் கடையில்கூடப் பாக்கி வைத்தது கிடையாது. செல்போனைக்கூடச் சேர்த்து வைத்த ரொக்கத்தில்தான் வாங்கினேன்.

வங்கியில் கடன் பிரிவு அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க பேர்ல ஒண்ணுமே வரலையேம்மா."

"வராது சார். நான் யார்கிட்டயும் கை நீட்டினதே இல்ல."

"அதான் பிரச்சினை. வாங்கித் திருப்பிக் கட்டியிருந்தா உங்களை நம்பலாமான்னு தெரியும். இப்ப நீங்க யாருன்னே எங்களுக்குத் தெரியலையே."

நல்ல பெயர் எடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குப் பெயரே இல்லை என்று சொல்லிவிட்டார். அறைக்கு வந்து சிறுசிடம் பொருமித் தீர்த்தேன். அவள் ஆறுதல் சொல்வதாக நினைத்துத் தன் போனை நீட்டினாள். திரையில் கடன் மதிப்பெண்ணைக் காட்டும் ஓர் அரை வட்டம், சிவப்பு, மஞ்சள், பச்சை. அதில் அவளுடைய முள் பச்சையில் சாய்ந்து சொகுசாகப் படுத்திருந்தது.

"எல்லாம் தவணையில வாங்கினேன்ல, அதான்க்கா."

போன், மிக்ஸி, காலணி வரைக்கும் தவணையில் வாங்கியவள் அவள். ஒவ்வொன்றுக்கும் நான் அடித்த கிண்டல் கொஞ்சநஞ்சம் இல்லை. இப்போது வங்கி அவளைக் கூப்பிட்டு உட்காரவைக்கும், என்னை யார் என்று கேட்கும். வயிறு எரிந்தது. உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

அதிகாரி ஒரு வழி சொல்லியிருந்தார். கையிலிருக்கும் பணத்தை வங்கியில் டெபாசிட்டாகப் போட்டால் அதன்மேல் ஒரு கிரெடிட் கார்டு தருவார்கள். அதில் கொஞ்சமாகச் செலவு செய்து, தேதிக்குள் முழுவதும் கட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு வருடம் கழித்து லோனுக்கு வரலாம். கடையின் வாடகை ஒப்பந்தம் முடியும்வரை காத்திருப்பதாக மேடமும் சொன்னார். அதற்குமேல் ஒரு நாள்கூட முடியாது என்றும் சொன்னார்.

கடை ஒருபக்கம் இருக்கட்டும். சிறுசின் முள்ளைத் தாண்ட வேண்டும் என்பதுதான் எனக்கு முதல் வேலையாகிவிட்டது. அதனால் 'கொஞ்சமாக' என்ற வார்த்தை காதில் ஏறவில்லை. பரீட்சையில் நிறையப் பக்கம் எழுதுகிறவளுக்குத்தானே மார்க் என்பது என் கணக்கு. பார்லருக்கு வேண்டிய ஷாம்பு, சாயம், துண்டு எல்லாவற்றையும் என் கார்டில் வாங்கி, மேடமிடம் பணத்தைப் பெற்றுக்கொண்டேன். மாதாமாதம் கார்டை அடிமட்டம்வரை காலி செய்து, தேதிக்கு முன்பே கட்டினேன். என் முள் மஞ்சளில் மாடு மாதிரி படுத்துவிட்டது. சிறுசோ தன் கார்டில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுவதோடு சரி. அவள் முள் இன்னும் மேலே ஏறியது.

"கார்டை இப்படி வழிச்சு எடுக்காதக்கா. காசுக்குத் திண்டாடுறான்னு நெனச்சுக்குவாங்க" என்றாள்.

எங்கே முந்திவிடுவேனோ என்று இவளுக்குப் பொறாமை, அதுதான் விஷயம் என்று நினைத்தேன். "கண்ணு வைக்காத, உன் வேலையப் பாரு" என்று வாயை அடைத்துவிட்டு, மறுநாளே அதே கார்டில் தலைக்கு ஆவி பிடிக்கும் மெஷின் ஒன்றையும் வாங்கினேன். பிறகு ஒருநாள் வங்கி அதிகாரி அதையே வார்த்தை மாறாமல் சொன்னபோது தெய்வ வாக்கு போலத் தலையாட்டி, அந்த மாதத்திலிருந்து கார்டில் கொஞ்சமாகவே செலவு செய்தேன். வந்து, நானே கண்டுபிடித்தது மாதிரி சிறுசுக்குப் பாடம் எடுத்தேன். "அப்படியாக்கா" என்று கேட்டுக்கொண்டாள். அந்த அடக்கம்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுசு சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். "இப்படி ஒரு தங்கச்சி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று நர்ஸ் சொன்னபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இங்கேயும் அவளுக்கா நல்ல பெயர்?

அறைக்குத் திரும்பிய பிறகுதான் கார்டின் தேதி தாண்டிப் போனது உறைத்தது. ஒரு தடவை தவறினால் கடை போச்சு. போனைத் திறந்தேன். தேதிக்கு முன்பே கட்டியாகியிருந்தது. வங்கியே என் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் செலவில் எது வந்தது, எது போனது என்று பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

ஒப்பந்தம் முடியும் முன்பே என் முள் பச்சைக்கு வந்துவிட்டது. அன்றைக்கே சிறுசிடம் "உன்னோடதக் காட்டு" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள். அவள் முள் மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. கீழே, ஒரு தவணை தாமதம் என்று போட்டிருந்தது. நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு மனதுக்குள் விசில் அடித்தேன்.

லோன் கிடைத்தது. மேடம் சாவியைக் கையில் வைத்தார். கேக் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய், பெரிய துண்டாக வெட்டிச் சிறுசுக்குக் கொடுத்துவிட்டு, இனிமேலும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எப்படிடி தேதிய விட்ட? கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டுக் காலண்டர் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதான் விட்டேன்" என்றாள், விரலில் ஒட்டிய கிரீமைத் துடைத்துக்கொண்டே. "லீவு போட்ட மாசம் பாதிச் சம்பளம்தான் வந்துச்சு. உன் கார்டுக்குக் கட்டினேன். என் போன் தவணைக்கு மிச்சம் இல்ல."

"என் கார்டுக்கா?"

"உன் பையில இருந்துச்சு, நம்பரப் பாத்துக் கட்டினேன். உனக்குக் கடை காத்துக்கிட்டு இருந்துச்சே. எனக்கு என்ன அவசரம்?"

கேக் தொண்டையிலேயே நின்றது. "ஏன் சொல்லல?"

"சொன்னா, கண்ணு வைக்கிறேன்னு சொல்லுவ."

அவள் சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என் தவணையைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கட்டியிருக்கிறாள். எழுந்து கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது அழுகை இல்லை, அதே பழைய வயிற்றெரிச்சல். ஒரு வருடம் மூச்சுமுட்ட ஓடி அவள் முள்ளைத் தாண்டினேன். இவளை எப்படித் தாண்டுவது?

பணத்தை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது சுலபம். அடுத்த தவணை தேதிக்குச் சில நாள் முன்பாகவே, அவள் கண்ணில் படாமல் அவளுடைய கடன் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். கடையைத் திறந்து, என் சொந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, போனில் அந்த எண்ணை அடித்தேன். சொல்லாமல் கட்டிவிட வேண்டும். அவள் தானாகத் தெரிந்துகொண்டு, என்னைப் போலவே கேக் தொண்டையில் நிற்கத் தவிக்க வேண்டும்.

இந்த மாதத் தவணை ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது என்று வந்தது.

காலையிலேயே கட்டியிருக்கிறாள், ராட்சசி.