பூட்டின் ஓட்டு

அளவு நாடாவின் ஒரு நுனியைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு நுனியைக் கைப்பிடிக் கம்பி வரை இழுத்தபோதே, பெட்டி திரும்பாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற மூலை அது. லிஃப்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வாஷிங் மெஷினே அதில் நின்றுகொண்டுதான் போகும். அவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். எஞ்சினை இறக்குவதும் ஏற்றுவதும் அவனுக்குத் தினசரி வேலை. ஆனால் எஞ்சினைச் சாய்க்கலாம், சங்கிலியில் தொங்கக்கூட விடலாம். பெட்டிக்குள் படுத்திருப்பது அப்பா.

"என்ன, இறங்குமா?" என்று அம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"லோடுமேன் மாமாவைத்தான் கேக்கணும். எங்க அவங்க மூணு பேரும்?"

"பின்னாடி சைக்கிள் ஷெட்ல நிக்கிறாங்க. போய்க் கூட்டிட்டு வா. வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான் பாரு."

"பக்கத்து வீட்டுப் பசங்க நாலு பேரைக் கூப்பிட்டா வேலை முடிஞ்சிடும்மா."

"வேணாம். நீ ஒரு ஆள், அவங்க மூணு பேர். வேற யாராவது தோள் குடுத்தா, இதுக்கு எவ்வளவு கேப்பானோன்னு உங்கப்பா எந்திரிச்சு உக்காந்துடுவார்."

சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா முந்தின நாள் விடியும் நேரத்தில் போனார். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் உலை முன்னால் நின்ற நுரையீரல், கடைசி ஒரு வருடமாக மாடிப்படி ஏறவே தகராறு செய்துகொண்டிருந்தது. அவருடைய கூட்டாளிகள் மூவரும் இளவயதில் அதே தொழிற்சாலையில் இருந்தவர்கள்தான். அப்புறம் ஒருவர் தையல் கடை போட்டார், ஒருவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார், ஒருவர் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கினார். டெய்லர், பெயின்டர், லோடுமேன். அவன் பிறந்ததிலிருந்து அவர்களை வேறு பெயரில் யாரும் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. அப்பாவுக்குப் பெயர் பூட்டு. அவருடைய சட்டைப் பையில் கை போனால் திரும்பி வராது என்பதால் வைத்த பெயர்.

அந்தப் பெயரால் அவன் நிறையப் பட்டிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் அவனைச் சாவி என்றார்கள். இன்றைக்கும் பணிமனைக்கு வெளியே டீ குடிக்கப் போனால், மற்றவன் பைக்குள் கையை விடும் முன்பே அவன் எல்லாருக்கும் காசு கொடுத்துவிடுவான். பெண்டாட்டி திட்டுவாள். அவனால் நிறுத்த முடியவில்லை.

சைக்கிள் ஷெட்டில் மூவரும் பீடி குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் போனான். ஒரு சைக்கிளின் பின் கேரியரில் மூன்று செல்போன்களை வரிசையாக வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிறவர்கள் மாதிரி குனிந்து நின்றிருந்தார்கள்.

"ஆட்டாத, ஆட்டாத," என்றார் டெய்லர் நிமிராமல். "வரிசையில நிக்குது."

"என்ன வரிசை?"

"டிக்கெட்டு. நம்ம பசங்க வர்றானுங்கல்ல."

நம்ம பசங்க என்றால் அந்த ராக் இசைக்குழு. எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது. டிரம்ஸ் அடிக்கிறவருக்கு நெஞ்சைத் திறந்து மூடியிருக்கிறார்கள். பாடுகிறவர் இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்டார். இருந்தாலும் பசங்கதான். பாட்டில் தொழிற்சாலையில் உலைச் சத்தத்துக்கு மேலே கேட்கிற பாட்டு அவர்களுடையது ஒன்றுதான் என்பதால் தொடங்கிய பைத்தியம் அது. ஒரே கேசட்டை நாலு பேரும் வாரத்துக்கு ஒருத்தராக வீட்டுக்கு எடுத்துப் போனார்களாம்.

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. "மேல பெட்டியை மூடிட்டு உக்காந்திருக்கோம். நீங்க இங்க பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கிறீங்களா மாமா?"

"இன்னிக்குத்தான்டா விக்கிறான்," என்றார் லோடுமேன். "உங்கப்பன் நாள் பாத்தா செத்தான்? இல்ல, அவனுங்கதான் எங்களக் கேட்டு வித்தானுங்களா?"

"கடைசிப் பயணம்னு வேற போட்டிருக்கான்," என்றார் டெய்லர்.

"போன தடவையும் அதேதான் போட்டான்."

"இந்தத் தடவை நெசமாத்தான் இருக்கும். அந்த டிரம்ஸ்காரன் மூஞ்சியப் பாத்தியா? பசங்க உக்காந்தா எந்திரிக்கவே இன்னும் நாலு ஆள் வேணும்."

"பின்ன எதுக்குய்யா இந்த வெலை? மேடைக்கு முன்னாடி நின்னு பாக்கவே அரை மாசக் கூலி கேக்கிறான். உக்காரச் சொல்லவும் இல்ல. நிக்கிறதுக்கு!"

"நின்னா என் முட்டி தாங்காது. பக்கவாட்டு நாற்காலி என்ன வெலை?"

"அது அதுக்கு மேல."

"அப்ப மேல் அடுக்கு?"

"அங்க உக்காந்தா பசங்க எறும்பு மாதிரி தெரிவானுங்க."

"தெரியட்டும். கெழட்டு எறும்புதான. கிட்ட போய் எதைப் பாக்கப் போற?"

பெயின்டர் மட்டும் பேசவில்லை. கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை அவருக்குத் தோளில் தொங்கியது. மகனுடையதாக இருக்கும்.

அவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது. கச்சேரிக்குப் போவதென்றால் நாலு பேரும் சரி என்று சொல்ல வேண்டும். ஒருத்தன் வேண்டாம் என்றால் யாரும் போகக் கூடாது. பசங்க இந்த ஊருக்கு மூன்று முறை வந்து போனார்கள். மூன்று முறையும் ஓட்டுப் போட்டார்கள். மூன்று முறையும் அப்பா, "வெலை ஜாஸ்தி, வேணாம்," என்றார். அதனால் இந்த நாலு பேரும் ஒரு தடவைகூடப் பசங்களைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒருமுறை மட்டும் லோடுமேனின் லாரியை மைதானத்து மதிலுக்கு வெளியே நிறுத்தி அதன் மேல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். தும் தும் என்று ஒரு சத்தம் மட்டும் வந்ததாம். "இதுக்குக் காசு வாங்காம விட்டானே," என்றாராம் அப்பா. அவர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை. அப்பாவும் கூடச் சிரிப்பார். அவன் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவான்.

"இப்ப என்ன, உங்களுக்கு நல்லதுதானே," என்றான். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு கசப்பு என்று தெரிந்தது. "வேணாம்னு சொல்ற ஆள் போயாச்சு. தாராளமாப் போங்க."

டெய்லர் நிமிர்ந்து பார்த்தார். லோடுமேன் பெரிய உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை வழித்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதடா."

"சொல்லாம? ஊரே சிரிக்குது. நீங்களும்தான் சிரிச்சீங்க."

"முதல் தடவை அவன் வேணாம்னு சொன்னது எனக்காக," என்றார் லோடுமேன்.

வண்டிக்காரன் முன்புறம் மறுபடி ஹாரன் அடித்தான்.

"அப்ப எனக்கு முதுகு புடிச்சுக்கிட்டு வேலைக்குப் போக முடியல. வீட்ல அரிசிக்கே தகராறு. இவனுங்ககிட்ட சொன்னா எனக்கும் சேத்து இவனுங்களே காசு போடுவானுங்க. அது எனக்குப் புடிக்கல. உங்கப்பன்கிட்ட தனியாப் போய்ச் சொன்னேன். சரி, போய்ப் படுன்னான். மறுநாள் ஓட்டுல வேணாம்னுட்டான்."

"டேய்," என்றார் டெய்லர். "அன்னிக்கு ஃபேக்டரி வாசல்ல அவன் சட்டையப் புடிச்சு உலுக்கினது நீதான? கல்நெஞ்சக்காரான்னு கத்தினியே?"

"பின்ன? கத்தலன்னா எம்மேல சந்தேகம் வராதா?"

டெய்லர் விரல் விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார். அப்புறம் பக்கத்துச் சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாவது தடவை நான்," என்றார். "பெரியவ கல்யாணம் முடிஞ்ச கையோட. மிஷினை அடகு வெச்சிருந்தேன். பூட்டுக்கு ஏற்கனவே கெட்ட பேருதான, இன்னொண்ணு சேந்தா என்னன்னு நெனச்சுத்தான் போனேன். வெளிய வந்து அவன அத்தனை பேர் முன்னாடி நான் பேசின பேச்சு இருக்கே..."

"நீயுமா?"

"நான் மட்டும்தான்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்டா."

இருவரும் பெயின்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். பெயின்டர் தரையைப் பார்த்தபடி ஒரு விரலை உயர்த்தினார். மூன்றாவது தடவை அவருக்காக.

லோடுமேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமலாக மாறி, கண்ணில் நீர் வந்து, அதைத் துடைத்துக்கொண்டே, "எவன் கேட்டானோ அவன்தான் மறுநாள் ரொம்பக் கத்தினது," என்றார். "அயோக்கியன், எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னானா பாரு."

"அவருக்கு?" என்று அவன் கேட்டான். "அவருக்காக அவர் ஒரு தடவையாவது வேணாம்னு சொன்னாரா? அவருக்குப் போகணும்னு இருந்துச்சா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதக் கேக்கலையேடா," என்றார் டெய்லர்.

அவன் சுவரில் சாய்ந்தான். சோப்புக் கரைந்து சில்லான பிறகும் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டி வைப்பார் அப்பா. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து அணைப்பார். அதெல்லாம் யாருக்காகவும் இல்லை, சுத்தமான கஞ்சத்தனம். அந்த ஆளையும் இப்போது இவர்கள் சொன்ன ஆளையும் ஒரே பனியனுக்குள் போட்டுப் பார்க்க அவனால் முடியவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒருவேளை அவளுக்குத் தெரிந்தே இருக்கும்.

"வந்துடுச்சு!" என்று டெய்லர் தன் போனைக் கையில் எடுத்தார். "என்னோடதுதான் முதல்ல. உள்ள விட்டுட்டான். சீக்கிரம் சொல்லுங்க, இது கொஞ்ச நேரம்தான் நிக்கும்."

"எது பாக்கி இருக்கு?"

"மேல் அடுக்கு போயிடுச்சு. நாற்காலியும் போயிடுச்சு. மேடைக்கு முன்னாடி நிக்கிறது மட்டும்தான்."

"என்ன வெலை?"

டெய்லர் போனைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி வாசித்தார். காலையில் போட்டிருந்த விலையைவிடவும் கூடியிருந்தது. லோடுமேன் விசிலடிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்.

"எனக்குச் சரி," என்றார் டெய்லர். "இனிமே எப்ப?"

"எனக்கும் சரி. முட்டி போனாப் போகுது. மூணா போடறதா, நாலா?"

"நாலு போடு. இவன் வரட்டும். பூட்டு எடம் இவனுக்குத்தான். ஓட்டும் இவனுக்கே."

"என்னடா பெயின்டரே?"

பெயின்டர் தலையைத் தூக்கினார். "இதுல கேக்க என்ன இருக்கு?" என்றார். "போடுடா! வாழ்நாள்ல ஒரு தடவை. வெலையா முக்கியம்? மனுஷன் நாளைக்கு இருப்பானான்னு தெரியல, வெலை பேசிட்டு நிக்கிறான். போடு, போடு!"

ஷெட்டின் தகரக் கூரையில் அந்தக் குரல் முட்டித் திரும்பியது. இத்தனை நேரம் வாயைத் திறக்காத மனுஷன். அவன் பெயின்டரின் கைகளைப் பார்த்தான். எப்போதும் நகக்கண்ணில் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். இன்று நகங்கள் வெளுத்துச் சுத்தமாக இருந்தன. வேலைக்குப் போய் ரொம்ப நாளான கைகள். வலது கை, சட்டைப் பையை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது.

டெய்லரின் விரல் திரைக்கு மேலே நின்றது. "நீ சொல்லுடா. உன் ஓட்டுதான் பாக்கி."

"வேணாம் மாமா," என்றான் அவன்.

"என்னது?"

"வெலை ஜாஸ்தி."

"டேய், வெளையாடாத. மணி ஓடுது."

"வெளையாடல. நிக்கிறதுக்கு எவனாவது இவ்வளவு குடுப்பானா? எனக்குக் கட்டாது. வேணாம்."

"நீ வராட்டிப் போ, நாங்க மூணு பேர்..." என்று ஆரம்பித்த டெய்லர் நிறுத்தினார். லோடுமேன் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பெயின்டரின் பக்கம் பார்வை போய், அங்கே நிற்காமல் நகர்ந்து, தகரக் கூரைக்குப் போனது.

"சட்டம்னா சட்டம்," என்றார் லோடுமேன். "ஒருத்தன் வேணாம்னா யாருக்கும் வேணாம். விடு."

போன் ஒருமுறை அதிர்ந்து, திரை வெள்ளையானது. டெய்லர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரியான கருமிப் பய!" பெயின்டர் வெடித்தார். "டீக்கடையில ஊருக்கே அள்ளி விடுறான்னு சொன்னானுங்க, நானும் நம்பினேன். எங்களுக்குன்னு வந்தப்ப மட்டும் கட்டாதாம்ல. இருந்து இருந்து இன்னிக்குத்தான் கெடச்சுது, அதையும் கெடுத்தான். நடடா முன்னாடி."

"மாமா, பெட்டி படி மூலையில திரும்பாது," என்றான் அவன் லோடுமேனிடம்.

"தலைமாட்ட மேல தூக்கி நெட்டுக்குத்தா நிறுத்தணும். கால்மாடு கம்பிக்கு வெளிய போயிட்டு உள்ள வரும். நாங்க பீரோவே எறக்கியிருக்கோம். நீயும் பெயின்டரும் கீழ்ப்பக்கம் நில்லுங்க. கனம் முழுக்க அங்கதான் வரும்."

அப்படித்தான் இறக்கினார்கள். மூலையில் பெட்டியை நிமிர்த்தியபோது உள்ளே அப்பா கால் பக்கமாகச் சரிந்தது கையில் தெரிந்தது. பெயின்டர் தன் தோளை அவன் தோளுக்குக் கீழே நுழைத்துக்கொண்டார். மூச்சு இரைத்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. "பாத்து வைடா காலை, கருமி. பெருசா ஓட்டுப் போட வந்துட்டான்." இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்து, ஒரு பெண் எட்டிப் பார்த்து, சாவு வீட்டில் இப்படியா பேசுவார்கள் என்ற முகத்தோடு நின்றாள். முதல் மாடியிலும் ஒரு கதவு திறந்தது. பெயின்டர் அவனைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினார். அவனும், "சரி மாமா, சரி மாமா," என்று சொல்லிக்கொண்டே பின்னோக்கிக் கால் வைத்து இறங்கினான்.