திரும்பி வரும் எண்ணம்

ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி மைதானத்தில் உட்கார்ந்துவிட்டால் கோல் கம்பங்கள் பாதிக்கு மேல் காணாமல் போகும். வெண்டல் அந்த நேரம் பார்த்துத்தான் உதைக்கப் போவான். பந்து எழும், வெள்ளைக்குள் நுழையும், அவ்வளவுதான். கம்பங்களுக்கு நடுவே போனதா வெளியே போனதா என்று கண்ணுக்குத் தெரியாது. அவனுக்கு அது பிடித்திருந்தது.

மினசோட்டாவில், சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் சின்னக் கல்லூரி. ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. பாதி நேரம் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பேர் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அணியில் காலுக்கென்றே வைத்திருக்கும் ஆள் வெண்டல். பதினெட்டு வயதில் சேர்ந்து ஒரு பருவம் ஆடினான், ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அடுத்த கோடையில் துறவு மடத்துக்குப் போய்விட்டான். நாலு வருஷம். இந்த ஆகஸ்டில் ஒரு பையோடு திரும்பி வந்து, மறுபடி ஆடலாமா என்று கேட்டான்.

மடத்தில் அவன் பந்தைத் தொடவே இல்லை. ஆனால் தூக்கத்தில் கால் மட்டும் சுவரை உதைக்கும். பக்கத்து அறைத் துறவி காலைக் கஞ்சி வேளையில் கண்ணைச் சிமிட்டி, "ராத்திரி எத்தனை கோல், தம்பி?" என்று கேட்பாராம். கனவில் ஒரே பச்சையாக இருக்கும், கூட்டம் இருக்கும், சத்தம் இருக்காது. விழித்தால் மணி அடிக்கும். எது கனவு என்று சில நாள் அவனுக்குப் பிடிபடாது.

இப்போது சிக்கல் என்னவென்றால், கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் ஆடி முடித்துவிட வேண்டும் என்பது விதி. வெண்டலுக்கு ஒரு வருஷம் ஆட்டத்தில் போயிற்று, மீதி நாலும் மடத்துக்குள்ளேயே கரைந்துவிட்டது. ஒரே ஒரு சந்து உண்டு. பட்டாளத்துக்கோ மத ஊழியத்துக்கோ குறிப்பிட்ட காலத்துக்குப் போய்த் திரும்பினால் அந்தக் காலம் கணக்கில் சேராது.

கல்லூரியில் இந்த விதிகளைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர் டார்லா. மடத்திலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பாத்தியா கண்ணு! ஒரு வருஷம் பயிற்சி, மூணு வருஷம் தற்காலிக வார்த்தைப்பாடு. தற்காலிகம்! அவங்களே எழுதிட்டாங்க. பழம் நழுவிப் பால்ல விழுந்துடுச்சு."

"அந்தத் துறவுச் சத்தியம் எல்லாருக்கும் அப்படித்தான் மேடம். முதல்ல மூணு வருஷத்துக்கு. அப்புறம்தான் சாகிற வரைக்கும்."

"அதெல்லாம் யாரு கேட்டா?"

கோச் ஆஸ்ட்பி வாசலில் சாய்ந்து நின்றார். "ஆட்டம் சனிக்கிழமைடா. அனுமதி கொடுக்கிற கமிட்டிக்காரங்க ஒரே கேள்விதான் கேப்பாங்க. போகும்போதே திரும்பி வர்ற எண்ணம் இருந்துச்சான்னு. ஆமான்னு சொல்லு. நாலு வருஷம் பேசாம இருந்தவன்தானே, ஒரே ஒரு வார்த்தை பேசிட்டு மறுபடி வாயை மூடிக்கோ."

வெளியே வந்தால் டக் நின்றிருந்தான். இவன் உதைக்கப் பந்தைப் பின்பக்கமாக வீசித் தரும் தடியன். "சாமியாரே, சீக்கிரம் வாரும். உமக்குப் பதிலா உதைக்கிற பொடியன் போன வாரம் ஆம்புலன்ஸ் கூரையில அடிச்சான்."

வெண்டல் சிரித்தான். ஆட வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு ஆசை.

மறுநாள் காலை டார்லாவின் கணினித் திரையில் கமிட்டியின் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் இருந்த பெண்மணி பதமாகத்தான் பேசினார். கடிதம் படித்தோம், எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்றார்.

"மடத்துக்குப் போனபோது, திரும்பி வர்ற எண்ணத்தோடதானே போனீங்க?"

போயிட்டு வர்றேன் என்று போனாயா, போறேன் என்று போனாயா? தமிழில் கேட்டால் இவ்வளவுதான் கேள்வி.

வெண்டலுக்கு மடத்துக் கோயில் அறைக்குள் வந்துவிட்டது போலிருந்தது. முதல் வார்த்தைப்பாட்டு அன்று தரையில் முகம் குப்புறக் கிடந்தான். கல் சில்லென்றிருந்தது. மூன்று வருஷம் என்று வாய் சொன்னது. உள்ளே அவன் கணக்கே போடவில்லை. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை.

"சார், சத்தம் கேக்குதா? லைன் கட்டாயிடுச்சா?" என்றார் அந்தப் பெண்மணி.

டார்லா மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தார்.

"கேக்குது மேடம்," என்றான். "திரும்பி வர்ற எண்ணம் இல்ல. செத்தா அங்கேயே புதைப்பாங்கன்னுதான் போனேன்."

டார்லா கண்ணை மூடிக்கொண்டார். திரையில் ஓரத்தில் இருந்த மனிதர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "அப்புறம் ஏன் வந்தீங்க?"

"ஜெபத்துல உக்காந்தா கால் உதைக்கப் பாத்துச்சுங்க. முழுசா இல்லாம அங்க இருக்கறது தப்புன்னு தோணுச்சு. ஆனா போனப்ப முழுசாத்தான் போனேன்."

சாயங்காலம் பதில் வந்துவிட்டது. அனுமதி இல்லை. இனி எந்தக் கல்லூரிக்கும் அவன் ஆட முடியாது.

"பூசாரியே வரம் கொடுத்தாச்சு, இவன் வேணாங்கிறான்!" என்று கோச் தொப்பியைத் தரையில் அடித்தார். டார்லா திட்டவில்லை. "ஒரு சின்னப் பொய். கடவுள் மன்னிச்சிருப்பாரே கண்ணு," என்றார்.

"மன்னிச்சிருப்பார் மேடம். ஆனா அந்த நாலு வருஷத்தைத் திரும்பி நினைக்கறப்ப எனக்கு அது விடுமுறை மாதிரி ஆயிடும்."

சனிக்கிழமை அவன் பார்வையாளர் பலகையில் உட்கார்ந்திருந்தான். மெல்லிய பனி தூவியது. ஆட்டம் முடிய நொடிகள் இருக்கும்போது இரண்டு புள்ளி பின்தங்கி நின்றார்கள். உதை கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, வெற்றி; உதைக்க அந்தப் பொடியன் ஓடி வந்தான். டக் பந்தை வீசினான். பொடியன் காலைத் தூக்கிய அதே கணம் வெண்டலின் காலும் எழுந்து முன்னால் இருந்தவர் முதுகில் இடித்தது. பந்து இடது கம்பத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போயிற்று. கூட்டம் மொத்தமாக மூச்சு விட்டது.

முன்னால் இருந்த அம்மாள் முதுகைத் தடவிக்கொண்டு திரும்பினார். கையில் பாதி தின்ற ஹாட் டாக்.

"ஏம்ப்பா, என் முதுகு என்ன பந்தா?" என்றவர் உற்றுப் பார்த்தார். "அட, நீ அந்த வெண்டல்தானே! முதல் வருஷம் என்னமா உதைச்ச! நடுவுல கொஞ்ச காலம் மடத்துல இருந்தியாமே?"

"நடுவுலன்னு இல்லம்மா..." என்று ஆரம்பித்தான். ஆடாத ஆட்டத்துக்கும், விட்டு வந்த மடத்துக்கும் சேர்த்து, அத்தனை பேர் நடுவில், வெட்கமில்லாமல் அழுதான்.

அந்த அம்மாள் பதறிப்போய், கடுகுச் சாந்து ஒட்டிய காகிதக் கைக்குட்டையை அவன் கையில் திணித்தார்.

"அழாதப்பா. அடுத்த வாரம் ஜெயிச்சுடுவோம்," என்றார்.