நீரஜாவின் மூச்சுக்கு எழுதிய ஆறு எபிசோடுகள்

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோசித்துக் கட்டியது என்று பிறகு நீங்கள் நினைக்கக் கூடாது. இந்தியில் எடுத்த ஓர் உளவுத் தொடரின் இரண்டாம் சீசனுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதினேன். ஆறு எபிசோடுகள். நாயகி பேசும் நானூற்றுப் பன்னிரண்டு வசனங்களையும் தவறாக எழுதியிருந்தேன். பொருளில் தவறு இல்லை. வேறு தவறு.

தொடரின் பெயரைச் சொல்ல முடியாது. வெளியாகும்வரை வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாயகியின் பெயரையும் மாற்றிவிட்டேன். மீரா என்று வைத்துக்கொள்வோம். உளவாளிக்கு இன்னொரு பெயர் கனமாகாது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“மீரா ஓடும் ரயிலிலிருந்து குதித்தபோது அவள் கையில்—” வேண்டாம். இது தொடரின் தொடக்கம். என்னுடையது அல்ல.

“என் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை—” இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்வீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

“தி. நகரில் ஒரு நகைக்கடைக்குப் பின்புறம், மூன்றாம் மாடியில், டப்பிங் ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது.” இது சரி. இதில் யாரும் இறக்கவில்லை. இங்கிருந்து போகலாம்.

3

ஆனால் ஸ்டூடியோவுக்குள் போகுமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். முதல் சீசனில் மீராவுக்குக் குரல் கொடுத்தவள் நீரஜா. என் மனைவி. மயிலாப்பூர்க்காரி. வீட்டில் அத்தனை பேரும் பாடுவார்கள். இவளை மட்டும் பத்து வயதில் பாட்டு வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மூச்சு போதவில்லை. நோய் ஒன்றுமில்லை, அவ்வளவுதான் இருந்தது. எட்டு ஒன்பது எழுத்துக்கு ஒருமுறை காற்றை இழுத்தாக வேண்டும்.

இந்தி நடிகையோ ஒரே மூச்சில் பேசுகிறவர். எனவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கேமரா மீராவின் முகத்தை விட்டு எதிராளிக்குப் போகும் நொடிகளைக் குறித்துக்கொள்வேன். நீரஜா அங்கே மூச்சு வாங்குவாள். நெருக்கமான காட்சியென்றால் வாய் அகலத் திறக்கும் இடத்தில் வாங்குவாள். பார்ப்பவருக்கு அதுவும் பேச்சாகவே தெரியும். அந்த நேரத்துக்குத் தக்கபடி சொற்களைக் குறைத்து எழுதுவேன். மூச்சுக்கு அடையாளமாகக் காகிதத்தில் ஒரு சின்னக் கோடு.

எழுதியதைச் சமையலறையில் நின்று பேசிப் பார்ப்பாள்.

“அஸ்வின், இது நீளம்டா. மீரா சுடறதுக்குள்ள நான் செத்துடுவேன்.”

(இந்த வரியை வைப்பதா எடுப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் சொன்னது இதுதான்.)

பார்த்தவர்கள் அந்த இடைவெளிகளை மீராவின் நிதானம் என்றார்கள். சிலருக்குப் பயமாக இருந்ததாம்.

அவள் இறந்ததற்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தப்படுத்தினால் கதை நன்றாக மூடிக்கொள்ளும். டெங்கு. ஏழு நாள்.

4

செவ்வாய், காலை பத்தரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹம்சினி, மீராவின் புதுக் குரல். இந்தப் பக்கம் நானும் ஒலிப்பதிவாளர் வெள்ளைத்துரையும்.

முதல் வசனம். ஹம்சினி பேசி முடித்தார். திரையில் மீரா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னா ரைட்டரே, வாய் ஆடிக்கினே கீது, சவுண்டைக் காணோம்?”

“இன்னொரு டேக் போலாம்.”

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

“பொண்ணு கரெக்டாத்தான் பேசுது. உன் டயலாக்குதான் டயட்ல கீது,” என்றார் வெள்ளைத்துரை.

ஹம்சினி மைக்கில் கேட்டார்: “சார், இந்தக் கோடு எதுக்கு? எல்லா லைன்லயும் இருக்கே.”

என் கையிலிருந்த பிரதியைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் இருந்தது. புரட்டினேன். கடைசிப் பக்கம்வரை இருந்தது. போட்டவன் நான்தான். போட்டது நினைவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து ஆறு எபிசோடுகளையும் நீரஜாவின் மூச்சுக்கு அளந்து எழுதியிருக்கிறேன்.

அப்போது எனக்குத் தோன்றியது

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. அப்படியே விடுகிறேன்.)

முதல் சீசனைப் பதிவுசெய்தவரும் வெள்ளைத்துரைதான். என் தோளுக்கு மேல் காகிதத்தை எட்டிப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றினார்.

“டீ சொல்றேன்,” என்று வெளியே போனார்.

5

டப்பிங்கை ஒருங்கிணைக்கும் சாய்நாத்திடம் தொலைபேசியில் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. நீளம் சரியில்லை என்றேன்.

“சனிக்கிழமை அனுப்பியாகணும் அஸ்வின். முடியலைன்னா இப்பவே சொல்லு. வேற ரைட்டரை வெச்சுச் சரி பண்ணிக்கறேன்.”

இனி ஹம்சினி. அவரை எழுதுவதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் கொஞ்சம் அலட்டலானவராக ஆக்கியிருந்தேன். நீங்கள் என் பக்கம் நிற்பீர்கள் என்று கணக்கு. அது பொய். அடையாறில் ஒரு பள்ளியில் ஆசிரியை. இந்த வேலைக்காக விடுப்பு எடுத்து வந்திருந்தார். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“எழுதினதை மாத்த வேணாம். கோடு இருக்கற இடத்துல நான் மூச்சு வாங்கிடறேன். அவங்க எப்படி வாங்குவாங்கன்னு எனக்குத் தெரியும். ப்ராக்டிஸ் பண்ணிருக்கேன்.”

“எதுக்கு?”

“குரல் மாறினதே தெரியக் கூடாதுன்னு சொன்னாங்க. ஃபர்ஸ்ட் சீசனை நாலு வாட்டி கேட்டேன்.” பிறகு மெதுவாக, “கோடு எதுக்குங்கறதும், அவங்க உங்க வொய்ஃபுங்கறதும் இன்னிக்குத்தான் தெரியும் சார். வெள்ளைத்துரை அண்ணன் சொன்னாரு.”

பேசிக் காட்டினார். சொற்கள் உதட்டில் உட்கார்ந்தன. குரல் வேறு. மூச்சு அவளுடையது. இழுக்கும்போது தொண்டையில் ஒரு சின்ன உரசல் வரும். அதையும் எடுத்து வைத்திருந்தார்.

“உக்காந்துச்சு,” என்றார் வெள்ளைத்துரை. திரையைப் பார்த்தே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

6

மதியம் மாமனார் கஸ்தூரிரங்கன் கூப்பிட்டார்.

(உண்மையில் அவர் வியாழக்கிழமைதான் கூப்பிட்டார். கதைக்காக நகர்த்தினேன். சொன்னதை மாற்றவில்லை.)

“மாப்பிள்ளை, சாப்பிட்டேளா?”

“இனிமேதான் மாமா.”

“புது சீசன் வரப்போறதாமே. ஆத்துல பேசிண்டிருந்தா. குழந்தை பண்ணினதை இப்போ வேற யாரோ பண்றாளா?”

“ஆமா மாமா.”

“அவ மாதிரியே இருக்குமோ?”

இருக்க வேண்டும் என்று கேட்டாரா, இருக்கக் கூடாது என்று கேட்டாரா? தெரியவில்லை. அவரே, “சரி, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ” என்று வைத்துவிட்டார்.

7

முடிவுகள்.

ஒன்று: நான்கு நாள் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு வசனங்களிலும் கோடுகளை அழிக்கிறேன். இடைவெளிகளில் சொற்களை நிரப்புகிறேன். ஹம்சினி தன் மூச்சில் பேசுகிறார். கதைகளில் நல்லவர்கள் இப்படித்தான் செய்வார்கள். அதனாலேயே எனக்கு இதன்மேல் நம்பிக்கை குறைவு. மேலும், அழித்துவிட்டால் அவள் மூச்சு பழைய சீசனோடு நின்றுவிடும்.

இரண்டு: ஒன்றையும் தொடவில்லை. சனிக்கிழமை வேலை முடிகிறது. எல்லோருக்கும் திருப்தி. ஒருநாள் மயிலாப்பூரில் மாமனார் தொலைக்காட்சியைப் போடுகிறார். யாரோ ஒரு பெண்ணின் சொற்களுக்கு நடுவே மகள் மூச்சு வாங்குகிறாள். அவர் சத்தத்தைக் கூட்டுவாரா, எழுந்து போவாரா?

மூன்று: சாய்நாத்திடம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். வேறொரு ரைட்டர் வருகிறார். இந்தக் கோடுகள் என்னவென்று அவருக்குத் தெரியாது. பிரிண்டர் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார். கோழைக்கு ஏற்ற முடிவு. நீண்ட நேரம் இதில்தான் நின்றிருந்தேன்.

இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் நடந்தது. அதைச் சொல்லப்போவதில்லை. கையெழுத்துப் போட்டது காரணமல்ல. சொன்னால் நீங்கள் என்னை மன்னிப்பீர்கள், அல்லது மன்னிக்கமாட்டீர்கள். இரண்டும் எனக்குப் பயன்படாது.

அதற்குப் பதிலாக ஒரு வேலை தருகிறேன். ஆறாவது எபிசோடின் கடைசிக் காட்சி. மீரா தன் கணவனைத் தொலைபேசியில் அழைக்கிறாள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. சமைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். இந்தியில் அவள் சொல்வது இவ்வளவுதான்: நான் வரமாட்டேன், எனக்காகப் பார்த்துக்கொண்டிருக்காதே, நீ சாப்பிடு.

பதினோரு விநாடி. திரை முழுக்க அவள் முகம். வெட்டு இல்லை, ஒளிந்துகொள்ள எதிராளியின் முகமும் இல்லை. மூன்றாவது விநாடியில் ஒருமுறை உதடு மூடுகிறது. அங்கே ப அல்லது ம வர வேண்டும். மற்றபடி உங்கள் விருப்பம். பதினோரு விநாடியையும் சொற்களால் நிரப்பலாம். நடுவில் இடம் விடலாம்.

வெள்ளைத்துரை பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். எழுதியதும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவளை விடுங்கள், ஹம்சினியையும் விடுங்கள். உங்களுக்கு எங்கே மூச்சு வேண்டியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.